பவளத் தொட்டியைப் பெரிதாக்குவோர் லிட்டருக்கு முன் பார்க்க வேண்டியது அகலம்

மூன்றடித் தொட்டியில் பவளம் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்த தொட்டியைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் தேர்வை அங்கிருந்து தொடங்கக் கூடாது. ஒரே அளவு நீரை நீளமான ஒடுங்கிய தொட்டியிலும் வைக்கலாம், குட்டையான அகலமான தொட்டியிலும் வைக்கலாம், ஆளுயரத்துக்கு எழுப்பிய தொட்டியிலும் வைக்கலாம். கண்ணாடியின் தடிமன், விளக்குகளின் எண்ணிக்கை, பாறை அடுக்கக் கிடைக்கும் இடம், கை எட்டும் தூரம் ஆகியவை இந்த மூன்றிலும் முற்றிலும் வேறாக அமையும். இங்கே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் பார்க்கலாம்: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட பழைய தொட்டியிலிருந்து, கடைக்காரர்கள் 4×2×2 என்று அடிக்கணக்கில் சொல்லும் 120×60×60 செ.மீ. தொட்டிக்கு மாறுவது. அகலம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரையுள்ள தூரம்.

எதற்காக மாற்றுகிறீர்கள்

பெரிய தொட்டி எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. நைட்ரேட் அளவு எப்போதும் உயர்ந்தே இருப்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், அதிகப்படியான தீனியும் திறன் போதாத ஸ்கிம்மரும் (நீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) புதிய தொட்டிக்கும் கூடவே வரும். சில மாதங்களில் அதே அளவு அங்கேயும் காட்டும். வெப்பமும் காரத்தன்மையும் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதுதான் கவலை என்றால், தேவைப்படுவது மொத்த நீரின் அளவு கூடுவது மட்டுமே. தொட்டிக்குக் கீழே குழாயால் இணைந்து நிற்கும் துணைத்தொட்டியான சம்பைப் பெரிதாக்கினாலே அது கிடைத்துவிடும், செலவும் குறைவு. பவளங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கொட்டத் தொடங்கிவிட்டன, பாறைக்கு இடமில்லை என்பவர்களுக்கு அகலம் வேண்டும். நீந்தித் திரியும் மீன்களுக்காக மாற்றுபவர்களுக்கு மட்டுமே நீளம் முதன்மையானது. திரைப்படத்தில் பார்த்துக் குழந்தைகள் கேட்கும் நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரக்கூடியது. அதற்கு ஆறடித் தொட்டியைத்தான் அனுபவசாலிகள் பரிந்துரைக்கிறார்கள், நாலடி போதாது. கோமாளி மீன் இணைக்கோ மூன்றடியே தாராளம்.

இந்தியாவில் வசிப்பவர்கள் தொட்டியை வரைவதற்கு முன்பே சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கல் போன்ற கெட்டியான கூடு கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும், கடற்குதிரைகளும் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு; உயிரற்ற பவளத் துண்டுக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிய கல்லை எடுத்து வந்து தொட்டியில் அடுக்குவது வேடிக்கையான செயல் அன்று. ஆகவே இங்கே தொட்டி வைப்பவர்கள் பீங்கானாலோ சிமெண்டாலோ செய்த செயற்கைப் பாறையையும், அட்டவணையில் இல்லாத மஷ்ரூம், ஜோயாந்தஸ், லெதர் போன்ற மென்மையான வகைகளையும் ரசீதோடு வாங்கி வளர்ப்பதாகவே திட்டமிட வேண்டும். இது வெறும் எச்சரிக்கையாக நின்றுவிடுவதில்லை, செலவையும் மாற்றுகிறது. மென்பவளங்களுக்கு நடுத்தர ஒளியும், மணிக்குத் தொட்டி நீரைப் போல 10 முதல் 20 மடங்கு நீரோட்டமும் போதும். கல்பவளங்கள் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படும் சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளில் கிளைப்பவளம் வளர்க்கும் நம்மவர்கள் அதற்கு இரு மடங்கு நீரோட்டத்துக்கும் மிகக் கூடுதலான ஒளிக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அகலம் தரும் ஆதாயம்

உயரம் கண்ணுக்குப் பிடித்த அளவு. பலரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. தொட்டியின் அகலம் இரண்டடியானாலும் பத்தடியானாலும் முன்கண்ணாடி மீது விழும் அழுத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட முன்கண்ணாடியை விளிம்பு வரை நிறைந்த கடல்நீர் ஏறக்குறைய 220 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது. உயரத்தை மட்டும் 75 செ.மீ. ஆக்கினால் அந்த விசை 345 கிலோவைத் தொடுகிறது. உயரம் கால் பங்கு கூடினால் விசை பாதிக்கும் மேல் கூடுகிறது என்பதால், தடித்த கண்ணாடியும் வலுவான ஒட்டும் தேவைப்பட்டு விலை சட்டென்று ஏறிவிடுகிறது. அதே சமயம் அகலத்தை 45 செ.மீ. இலிருந்து 60 ஆக்கினால் உள்ளே கிடைக்கும் நீர் ஏறத்தாழ 275 லிட்டரிலிருந்து 370 லிட்டராக உயர்கிறது. முன்கண்ணாடி அதே தடிமனில் இருக்கலாம். அடிக்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

விளக்கின் கணக்கும் இதையே சொல்கிறது. நடுத்தரமான எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறக்குறைய 60 செ.மீ. சதுரத்துக்கு நல்ல ஒளி பரப்பும். நாலடித் தொட்டிக்கு இரண்டு விளக்குகள் எப்படியும் வேண்டும். அகலம் 45 ஆனாலும் 60 ஆனாலும் அதே இரண்டுதான். 45 செ.மீ. அகலத் தொட்டியில் அந்த ஒளியில் ஒரு பகுதி பின்சுவரில் பட்டு வீணாகிறது. நீளத்தை ஐந்தடியாக்கினால் பெரும்பாலும் மூன்றாவது விளக்கை வாங்க நேரும். உயரத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் பவளத்துக்கு ஒளி எட்டுவதற்காக விளக்கின் திறனையே கூட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது பாறை அடுக்கும் இடம். கண்ணாடியில் படியும் பாசியைக் காந்தத் தேய்ப்பானால் துடைக்கவும், பாறைக்குப் பின்னால் நீர் தேங்காமல் ஓடவும், முன்னும் பின்னும் குறைந்தது 11 செ.மீ. இடைவெளி விட வேண்டும். 45 செ.மீ. அகலத் தொட்டியில் கண்ணாடித் தடிமனையும் கழித்தால் பாறைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 செ.மீ.தான். அதில் சுவர் போல ஒரே வரிசையாக அடுக்கத்தான் முடியும், அதுவும் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். 60 செ.மீ. அகலத்தில் அது 35 செ.மீ. ஆகிறது. இரண்டு தனித் திட்டுகள், இடையே ஒரு கணவாய், முன்னால் மணல்வெளி என்று அமைக்கவும், ஒரு பவளம் மற்றொன்றைத் தொடாமல் சில ஆண்டுகள் வளரவும் அந்த 15 செ.மீ. தான் வழி செய்கிறது. நீரின் மேற்பரப்பும் அதே அளவில் கூடுவதால் ஆக்சிஜன் கலப்பதும் எளிதாகிறது.

அகலத்துக்கும் எல்லை உண்டு. முன்பக்கத்திலிருந்து மட்டுமே அணுகக்கூடிய இடத்தில் 75 செ.மீ. ஐத் தாண்டினால் பின்மூலையில் விழுந்த பவளத் துண்டை எடுக்கத் தலையையே நீருக்குள் விட வேண்டிவரும். பெரும்பாலானவர்களின் கை அக்குளிலிருந்து விரல்நுனி வரை 65 முதல் 70 செ.மீ. நீளம். தொட்டியின் உயரம் 60 செ.மீ. ஐத் தாண்டக் கூடாது என்று வற்புறுத்துவதற்கு அழகைவிட இந்த அளவே காரணம். மணலைத் தொட முடியாத தொட்டியை யாரும் ஒழுங்காகப் பராமரிப்பதில்லை. ஒரு தீர்ப்பாகச் சொல்வதென்றால், கையில் இருக்கும் பணத்தில் அகலத்தை 60 செ.மீ. வரை கொண்டு வந்துவிட்டு, மிச்சத்தை நீளத்தில் செலவிடுங்கள். உயரத்தை 50 முதல் 60 செ.மீ. இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரை தாங்குமா

120×60×60 தொட்டியை 15 மி.மீ. கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே 110 கிலோவுக்கு அருகில் வரும். மேல்தொட்டியில் பாறை, மணல் போக 335 லிட்டர், சம்பில் ஒரு 95 லிட்டர் என்று 430 லிட்டர் கடல்நீரின் எடை 440 கிலோ. பாறை 35 கிலோ, மூன்று செ.மீ. தடிமனில் பரப்பிய மணல் 30 கிலோ, ஸ்டாண்டும் சம்பின் கண்ணாடியும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால் மொத்தம் 700 கிலோ. இவ்வளவும் முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 இன் இரண்டாம் பகுதி வீட்டு அறைகளின் தளத்துக்குக் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. இது அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு என்பதால் ஒரு மூலையில் நிற்கும் தொட்டியை இதோடு நேரடியாக ஒப்பிட்டுத் தளம் உடைந்துவிடும் என்று முடிவு கட்ட முடியாது. அதைப் போலவே, பக்கத்து வீட்டில் ஒன்று நிற்கிறது என்பதற்காகத் தைரியம் கொள்ளவும் முடியாது. மாடி வீடாக இருந்தால் கட்டடத்தின் கம்பி வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதே முறை. அவருக்குக் கொடுக்கும் தொகை தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் ஒரு நல்ல வேவ்மேக்கரின் விலையைத் தாண்டாது.

பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பீம் ஓடும் சுவரையொட்டி, முடிந்தால் இரு சுவர்கள் சேரும் மூலையில், தொட்டியை வையுங்கள். தளத்தின் நடுப்பகுதியைத் தவிருங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் ஒருபோதும் வைக்காதீர்கள். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியில் இந்த அளவுத் தொட்டியை நினைக்கவே வேண்டாம். தரைத்தளமாக இருந்தாலும் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள்; உள்ளே வெற்றொலி கேட்டால் அந்த இடத்தில் ஸ்டாண்டின் கால் இறங்கும்போது டைல்ஸ் விரிசல் விடும். நான்கு கால்களில் சுமையை இறக்கும் ஸ்டாண்டை விட, அடியில் சுற்றிலும் சட்டம் ஓடும் ஸ்டாண்டே நல்லது.

இடம் முடிவான பிறகு, முகப்பு வாசலிலிருந்து அந்த இடத்துக்குத் தொட்டி வரும் வழியையும் அளந்துவிடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கண்ணாடிப் பெட்டியைத் தூக்க நால்வர் வேண்டும். அந்த நால்வரும் மாடிப்படித் திருப்பத்தில் நிற்க இடம் வேண்டும். லிஃப்டின் உள்ளளவையும், கதவு நிலையின் அகலத்தையும் டேப் வைத்து எடுங்கள். வெயில் நேராகப் படும் சன்னலருகும், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் சுவரும், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கமும் வேண்டாம். உப்புத் திவலை மெல்லப் பரவி மின்பொருள்களை அரிக்கும்.

கண்ணாடியும் ஒட்டும்

மேலே சுற்றிலும் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டிய தொட்டிக்கு, நாம் எடுத்துக்கொண்ட அளவில், 12 மி.மீ. கண்ணாடி வழக்கமாகப் போதுமானது. பட்டையே இல்லாத ரிம்லெஸ் தொட்டி வேண்டுமென்றால் 15 மி.மீ. க்குக் குறைய ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிம்லெஸ் அழகுதான், ஆனால் அதில் மீன் துள்ளி வெளியே விழுவதும் எளிது, நீராவி அறைக்குள் பரவுவதும் கூடுதல். மீன் வைப்பவர்கள் எப்படியும் வலை மூடி போடத்தான் போகிறார்கள் என்பதால் பட்டையுள்ள தொட்டியே எனக்கு அறிவான தேர்வாகத் தோன்றுகிறது.

சாதாரணக் கண்ணாடி 12 மி.மீ. ஐத் தாண்டும்போது பச்சைச் சாயல் தெளிவாகத் தெரியத் தொடங்கும். இரும்புச்சத்து குறைந்த லோ அயர்ன் கண்ணாடியில் இந்தச் சாயல் குறைவு, விலை கூடுதல். முன்பக்கத்துக்கும், கண்ணில் படும் பக்கத்துக்கும் மட்டும் அதைக் கேளுங்கள். பின்கண்ணாடிக்கும் அடிக்கண்ணாடிக்கும் சாதாரணமே போதும். அக்ரிலிக் தொட்டி கண்ணாடியை விடப் பாதி எடைக்கும் குறைவு என்பதால் மாடி வீட்டுக்காரர்களை ஈர்க்கும். ஆனால் பவளத் தொட்டியின் சுவரில் ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி கெட்டியாகப் படியும். அதைச் சுரண்டும்போது அக்ரிலிக்கில் கீறல் விழுவதைத் தவிர்ப்பது மிகக் கடினம். தண்ணீரும் சேர்ந்த மொத்த எடையில் தொட்டியின் எடை சிறு பங்குதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

துளையிடும் விஷயத்தில் ஒரு கேள்வியை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: எந்தக் கண்ணாடியாவது டெம்பர் (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்குவது) செய்யப்பட்டதா? டெம்பர் செய்த கண்ணாடியில் பிறகு துளை போட முயன்றால் முழுப் பலகையும் தூள் தூளாகச் சிதறும். சாதாரணக் கண்ணாடியில் துளை விழும் இடம், கண்ணாடியின் ஓரத்திலிருந்து குறைந்தது துளையின் விட்டமளவாவது தள்ளி இருக்க வேண்டும்.

பழைய தொட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால் மறுக்க வேண்டியதில்லை, ஆனால் பகலில் போய்ப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள சிலிக்கான் படலத்தில் குமிழிகளோ, வெள்ளையாக விலகிய இடங்களோ தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். உள்மூலையில் தெரியும் சிலிக்கான் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் அது ஓரளவு பழுதுபார்க்கக் கூடியது. இடையிலுள்ள படலம் கெட்டால் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். மீன்களுக்குச் செம்பு மருந்து போட்டதுண்டா என்பதையும் கேளுங்கள். மிகச் சிறிதளவு செம்பும் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு என்பதால், செம்பு பட்ட பாறையும் மணலும் பவளத் தொட்டிக்கு உதவாது.

ஓவர்ஃப்ளோவும் சம்பும்

தொட்டியைத் தேர்வதில் பலர் கடைசிக்கு விட்டுவிடுவதும், வீட்டுத் தரையை நனைப்பதும் இந்தப் பகுதிதான். மேல்தொட்டியின் நீர் வழிந்து விழுந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி உள்மூலையில் இருந்தால் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம், ஆனால் நாம் இவ்வளவு வாதாடி வாங்கிய அகலத்தின் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பின்கண்ணாடிக்கு வெளியே பெட்டி வைத்து, உள்ளே மெல்லிய பல்வரிசை மட்டும் தெரியும்படி செய்தால் இடம் மிச்சம். ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. விட வேண்டும். ஆகவே அறையில் அளக்க வேண்டியது 60 செ.மீ. அன்று, 80 செ.மீ.

நீர் இறங்கும் குழாய் ஒன்றே போதும் என்று சொல்லும் விற்பனையாளரைக் கடந்து சென்றுவிடுங்கள். ஒரு நத்தை நுழைந்து அடைத்தாலே தொட்டி வழியும். ஹெர்பி எனப்படும் அமைப்பில் இரண்டு குழாய்கள்: ஒன்று முழுக்க நீர் நிறைந்து சத்தமின்றி இறங்கும், அதன் வேகத்தைக் கேட் வால்வால் திருத்தலாம், மற்றொன்று ஆபத்துக்கு. பீன் அனிமல் எனப்படும் அமைப்பில் மூன்று குழாய்கள். இரண்டில் எதுவானாலும், ஆபத்துக் குழாய் ஒன்றே, சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் அனுப்பும் நீர் முழுவதையும் இறக்க வல்லதாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் பம்ப் மணிக்குத் தொட்டி நீரைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது நம் தொட்டிக்கு 1,100 முதல் 1,900 லிட்டர் அனுப்பினால் போதும். பவளத்துக்கு வேண்டிய நீரோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும்.

சம்பின் அளவு மின்வெட்டை வைத்தே முடிவாக வேண்டும். மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியின் நீர் ஓவர்ஃப்ளோ வரம்பு வரையிலும், ரிட்டர்ன் குழாயின் வாய் வரையிலும் இறங்கும். நம் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 6.8 லிட்டர். மூன்று செ.மீ. இறங்கி, குழாய்களில் உள்ளதும் சேர்ந்தால் 25 லிட்டர். அவ்வளவு வெற்றிடம் சம்பில் எப்போதும் இருக்க வேண்டும். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. இல் வைத்துவிட்டால் அதே கணக்கு 68 லிட்டராகிவிடும். நீரைத் திரும்பி ஓடவிடாத செக் வால்வ் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். சுண்ணாம்பு படிந்த செக் வால்வ் சில மாதங்களில் இறுக மூடாமல் போகும். அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. இறங்கும் குழாய்கள் அடைத்துக்கொண்டு பம்ப் மட்டும் ஓடினால், சம்பின் கடைசி அறையில் உள்ள நீர் முழுவதும் மேலே ஏறும். மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் நான்கு செ.மீ. காலியாக இருந்தால் அங்கே 27 லிட்டர் கொள்ளும். ஆகவே பம்ப் இருக்கும் அறையில் அதற்குக் குறைவான நீரே இருக்கும்படி தடுப்புகளை ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டின் கதவுத் திறப்பு சம்பை விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பதும், ஸ்கிம்மரின் கோப்பையைத் தூக்கி எடுக்க மேலே இடம் வேண்டும் என்பதும் எளிய செய்திகள்தான். ஆனாலும் ஸ்டாண்டை முதலில் செய்துவிட்டுச் சம்பை அதற்குள் திணிக்கப் பார்ப்பவர்கள் ஏராளம்.

வெப்பம், மின்சாரம், தண்ணீர்

பவளத் தொட்டி 24 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் இது தானாக நடக்காது. மேலே மின்விசிறி வைத்தால் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அகலமான தொட்டியில் மேற்பரப்பு கூடுதல் என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்றுள்ள கடலோர ஊர்களில் மின்விசிறியால் இறக்கக்கூடிய டிகிரிகள் குறைவு. அங்கே இந்த அளவுத் தொட்டிக்கு அரைக் குதிரைத்திறன் சில்லரை (நீரைக் குளிர்விக்கும் கருவி) கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; அதை ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்தால் அது வெளியேற்றும் சூடே மறுபடி தொட்டியைச் சுடவைக்கும் என்பதால், வெளியே காற்றோட்டமான இடம் ஒதுக்குங்கள்.

இரண்டு 150 வாட் விளக்குகள் நாளுக்குப் பத்து மணி நேரம், 80 வாட் அளவில் பம்புகள் நாள் முழுதும், 350 வாட் சில்லர் எட்டு மணி நேரம் என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஏழரை யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது தொட்டி மட்டுமே 450 யூனிட்டுக்கு மேல் காட்டும். வீட்டின் பிற பயன்பாடும் சேர்ந்து படி ஏறிய கட்டணத்தில் விழும். தொட்டியின் விலையை விட இந்தத் தொகையைத்தான் வீட்டில் உள்ளவர்களோடு முன்கூட்டியே பேச வேண்டும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் இணைத்தால் போதும். அது மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் குறையாது. தொட்டிக்கான இணைப்பில் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

மூன்றடித் தொட்டியில் பத்து சதவீத நீர் மாற்றம் என்பது ஒரு வாளிக்குள் முடிந்த வேலை. இங்கே அது 43 லிட்டர், அதற்கு 1.6 கிலோ உப்பு. நாள்தோறும் ஆவியாகும் நீர் வேறு, கோடையில் ஐந்தாறு லிட்டர் வரை போகலாம் என்பதால் தானாக நிரப்பும் மிதவை அமைப்பு இல்லாமல் சமாளிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) சுழியமாக வரும் ஆர்.ஓ. டி.ஐ. வடிகட்டி நீரே வேண்டும், ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாகப் போகும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் இது சிறிய செய்தி அன்று. அந்தக் கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பிடித்து வைக்க ஒரு டிரம்முக்கும், புதிய உப்புநீர் கலக்க இன்னொரு டிரம்முக்கும் வீட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் இல்லாதவர்கள் நாலடிக்குப் பதிலாக 90×60×50 செ.மீ. அளவில் நின்றுகொள்வது நல்லது. அதில் நீர் குறைவு, ஆனால் அகலம் அப்படியே இருக்கிறது.

சொல்லிச் செய்வதும் சோதிப்பதும்

முடிவெடுத்த பிறகு, தொட்டி செய்பவரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல் தாளில் வரைந்து கொடுங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் தடிமன், எது லோ அயர்ன், துளைகளின் விட்டமும் இடமும், ஓவர்ஃப்ளோ வரம்பின் உயரம், மேல்பட்டையின் அகலம், சம்பின் தடுப்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அளவுகள் வெளியளவா உள்ளளவா என்பதைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் புதிய தொட்டி பழையது நிற்கும் இடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் நிற்கட்டும். அப்போது இரண்டும் சில வாரங்கள் ஒருசேர ஓடலாம், பவளங்களை ஒரே நாளில் மாற்றும் அவசரம் இருக்காது. பழைய பாறையைக் கொண்டு வந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்களும் கூடவே வரும். பழைய மணலைக் கிளறி மாற்றினால் அதில் தேங்கிய அழுக்கும் வரும் என்பதால் மணலைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய தொட்டியை விற்றுவிடாமல் புது மீன்களைத் தனிமைப்படுத்த வைத்துக்கொள்ளலாம்.

பட்டறையிலேயே இரண்டு நாள் நீர் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, அடிக்கண்ணாடி முழுதும் ஸ்டாண்டில் படியும் வகைத் தொட்டியானால் மெல்லிய ஃபோம் விரிப்பு போட்டு ஏற்றி, குழாய்களையும் சம்பையும் இணைத்து, சாதாரணத் தண்ணீரை நிரப்பி மூன்று நான்கு நாள் ஓடவிடுங்கள். நீர்மட்டம் ஒரு மூலையில் ஏறியும் மறுமூலையில் இறங்கியும் தெரிந்தால் நீரை வெளியேற்றிவிட்டு ஸ்டாண்டைச் சரிசெய்ய வேண்டும். நிறைந்த தொட்டிக்கு அடியில் அட்டை செருகக் கூடாது. முதன்மைக் குழாயைக் கையால் அடைத்து, ஆபத்துக் குழாய் மட்டும் நீர் முழுவதையும் இறக்குகிறதா என்று பாருங்கள். பிறகு குழாயைத் திறந்து, சம்பில் பம்ப் ஓடும்போதுள்ள நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, பம்பை நிறுத்தி, மேலிருந்து நீர் இறங்கி முடியும் வரை காத்திருங்கள். சம்ப் வழியாமல் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நீர் நின்றால் முதலில் குறித்த கோடுதான் இனி உங்கள் உச்ச அளவு. வழிந்தால் சம்பில் ஓடும் மட்டத்தைக் குறைத்து, மறுபடி பம்பை நிறுத்திப் பார்த்து, கோட்டைப் புதிதாகப் போடுங்கள். உப்பு மூட்டையைப் பிரிப்பது இவ்வளவும் முடிந்த பிறகு.